‘டெக்’ என்பதற்குத் தமிழ் ‘கட்டு’

கணினியிலோ கைப்பேசியிலோ சீட்டு விளையாட்டு பழகத் தொடங்கும் ஒருவர் முதல் நாளிலேயே எதிர்கொள்ளும் சொல் ‘டெக்’. ஓர் ஆட்டத்துக்குள் கொண்டுசெல்வதற்காக ஆட்டக்காரர் முன்கூட்டியே தேர்ந்து ஒன்றுசேர்த்து வைக்கும் சீட்டுகளின் தொகுப்பை அது குறிக்கிறது. அவரிடம் உள்ள எல்லாச் சீட்டுகளும் டெக் ஆகிவிடா. அவை அவருடைய இருப்பு மட்டுமே. ஆட்டத்தின் ஒரு கணத்தில் இறக்குவதற்கு ஆயத்தமாக இருக்கும் சீட்டுகளும் டெக் அல்ல. அவற்றுக்குக் ‘கை’ என்று பெயர். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் எழுதப்படும் விளக்கங்களே தொடக்கநிலையில் இருப்பவரைப் பெரிதும் குழப்புகின்றன.

‘டெக்’ ஆங்கிலத்துக்கு டச்சு மொழியின் பழைய வடிவத்திலிருந்து வந்த சொல். மூடுவது, போர்த்துவது, கூரையாவது என்பதே அதன் வேர்ப்பொருள். கப்பலின் உட்பகுதியை மூடும் பரப்பு அப்பெயர் பெற்று, பின்னர் மாலுமிகள் நடமாடும் தளத்தைக் குறிக்கலாயிற்று. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சீட்டுகளை அச்சொல்லால் குறிப்பது 16-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலத்தில் காணப்படுகிறது. பிரிட்டனில் ‘பேக்’ என்ற சொல்லே பின்னர் பெருவழக்காகிவிட, அமெரிக்காவில் ‘டெக்’ நிலைத்தது. 1993-இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘மேஜிக்: த கேதரிங்’ விளையாட்டில் எல்லாருக்கும் பொதுவான ஒரே கட்டு என்ற பழைய முறை மாறி, ஒவ்வொருவரும் தமக்கென ஒன்றை அமைத்து வரும் முறை பரவியது. இன்றைய கணினி விளையாட்டுகள் அந்த முறையையும் அதற்குரிய சொல்லையும் சேர்த்தே எடுத்துக்கொண்டன.

தமிழாக்கத்தில் இச்சொல் படும் பாடு வருத்தம் தருவது. கப்பல் தளத்தை மனத்தில் கொண்டு ‘தளம்’ என்று மொழிபெயர்த்திருப்பதைக் கண்டிருக்கிறேன். ‘உங்கள் தளத்தை உருவாக்குங்கள்’ என்று படிப்பவருக்குச் சீட்டு எப்படி நினைவுக்கு வரும்? ‘அடுக்கு’ என்பது ஓரளவு பொருந்தினாலும், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் நிலையை மட்டுமே சொல்கிறது. ‘தொகுதி’ மிகப் பொதுவானது. நம் வீடுகளில் 52 சீட்டுகளுக்குச் ‘சீட்டுக்கட்டு’ என்ற பெயர் எப்போதும் இருந்துவருகிறது. அதையே முதல்முறை முழுமையாகச் சொல்லி, பிறகு ‘கட்டு’ என்று சுருக்கிக்கொள்வதே சரி என்பது என் உறுதியான கருத்து.

விறகுக்கட்டு, வெற்றிலைக்கட்டு, சுவடிக்கட்டு என்று எங்கு வந்தாலும் ‘கட்டு’ என்பதில் பிணைக்கும் செயலும் பிணைக்கப்பட்ட பொருளும் ஒருசேர அடங்கியுள்ளன. வலுவான டெக் என்பதும் இந்தப் பிணைப்புத்தான். ‘கிளாஷ் ராயல்’ விளையாட்டில் ஒரு கட்டுக்கு 8 சீட்டுகள். அவற்றுள் 4 கையில் இருக்கும். ஒரு சீட்டை இறக்கினால் அது வரிசையின் கடைசிக்குச் சென்று, வேறு 4 சீட்டுகளை இறக்கிய பிறகே கைக்குத் திரும்பும். சீட்டை இறக்குவதற்கு, ஆட்டத்தின்போது சிறிது சிறிதாக நிறையும் ‘எலிக்சர்’ என்னும் ஆற்றல் செலவாகும். ஆட்டக்காரர்கள் நன்கறிந்த ஒரு கட்டில் ஹாக் ரைடர், மஸ்கெட்டியர், ஃபயர்பால் ஆகியவற்றுக்குத் தலா 4 எலிக்சரும், கேனனுக்கு 3-உம், ஐஸ் கோலெம், லாக் ஆகியவற்றுக்குத் தலா 2-உம், ஸ்கெலிட்டன்ஸ், ஐஸ் ஸ்பிரிட் ஆகியவற்றுக்குத் தலா 1-உம் செலவாகின்றன. மொத்தம் 21, சராசரி ஏறத்தாழ 2.6. தாக்குதலை முன்நின்று நடத்தும் ஹாக் ரைடரை இறக்கியபின், விலை குறைந்த நான்கையும் 6 எலிக்சரில் இறக்கிவிட்டால் ஹாக் ரைடர் மறுபடியும் கைக்கு வந்துவிடும். ஸ்கெலிட்டன்ஸைத் தனியாக எடுத்துப் பார்த்தால் ஓர் அடிக்குத் தாங்காத சிறு எலும்புக்கூடுகள். இக்கட்டிலோ எதிரியின் பெரும்படையைத் திசைதிருப்புவதோடு, சுற்றையும் விரைவாக்குகின்றன. வலிமை மிக்க எட்டுச் சீட்டுகளை மட்டும் பொறுக்கி வைத்தவர், எலிக்சர் நிறையும்வரை காத்திருந்தே தோற்பதன் காரணம் இங்கே விளங்கும்.

கட்டை அமைக்கும் செயலுக்கு என்ன சொல்வது? ‘சீட்டுக் கட்டுதல்’ என்றால் மாதந்தோறும் சீட்டு நிறுவனத்தில் பணம் செலுத்துவது என்றே தமிழ்நாட்டில் பொருள்படும். ஆகவே அது ஆகாது. ‘கட்டு’, ‘அமைத்தல்’ என்ற இரண்டும் புணர்ந்தால் ‘கட்டமைத்தல்’ என்றாகிறது. உறுப்புகளை ஒன்றோடொன்று பொருத்தி ஒரு முழுமையை ஆக்குதல் என்ற பொருளில் ஏற்கெனவே வழங்கும் சொல் அது. புதிதாக ஒன்றைப் படைக்க வேண்டிய தேவையே இல்லை. சீட்டுகள் ஒன்றுக்கொன்று துணைசெய்யும் தன்மையை ‘இயைபு’ என்று சொல்லலாம்.

இன்னொரு செயலுக்கும் பெயர் வேண்டும். ‘ஸ்லே த ஸ்பயர்’ போன்ற விளையாட்டுகளில் கட்டமைத்தலே ஆட்டமாகிறது. அதில் அயர்ன்கிளாட் என்னும் வீரர் 10 சீட்டுகளோடு தொடங்குகிறார். ஒவ்வொரு முறையும் 5 சீட்டுகள் கைக்கு வருவதால் இரண்டு முறைக்குள் கட்டு முழுவதும் வந்துவிடும். கிடைத்ததையெல்லாம் சேர்த்து 20 சீட்டுகள் ஆக்கினாலோ, நல்ல சீட்டு ஒன்றைக் காண நான்கு முறை வரையும் காத்திருக்க நேரும். அதனால்தான் அங்குள்ள வணிகரிடம் தங்கம் கொடுத்துப் பயனற்ற சீட்டை நீக்குகிறார்கள். இதை ‘நீக்கல்’ என்பதைவிடக் ‘களைதல்’ என்பது பொருத்தம். பயிர் செழிக்கக் களை எடுப்பதைப் போன்ற வேலை அது. சீட்டுகளின் வரிசையை மாற்றிப்போடுவது ‘கலைத்தல்’ என்பதால், எழுதுவோர் லகர ளகர வேறுபாட்டை இங்கே கவனமாகக் காக்க வேண்டும்.