தர்பார்: சொல்லும் அதற்கு உரிய தமிழும்

மொகலாயர் காலத்துக் காதல் படம் என்றால் தர்பார் காட்சி இல்லாமல் இருக்காது. தூண் வரிசை, பட்டுத் திரை, கட்டியம் கூறும் குரல், கைகட்டி நிற்கும் கூட்டம். உட்கார்ந்திருப்பவர் ஒரே ஒருவர். 1960இல் கே. ஆசிப் எடுத்த ‘முகல்-ஏ-ஆசம்’ இவற்றில் பேர்பெற்றது. படத்தின் பெரும்பகுதி கறுப்பு வெள்ளைதான். ஆனால் அக்பர் முன்னால் அனார்கலி ஆடும் கண்ணாடி மாளிகைப் பாட்டையும் படத்தின் இறுதிப் பகுதியையும் வண்ணத்தில் எடுத்திருந்தார்கள். மறு ஆண்டே ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழ் பேசிக்கொண்டும் அந்தப் படம் வந்தது.

அந்தக் காட்சியைத் தமிழில் எப்படிச் சொல்வது? ‘அரசவை’ என்று அகராதி பட்டென்று பதில் சொல்லிவிடும். பாதிதான் சரி.

தர்பார் பாரசீகச் சொல். ‘தர்’ என்றால் வாசல். ‘பார்’ என்றால் அரசனைக் காண உள்ளே வரக் கிடைக்கும் அனுமதி. ஆக, இந்தச் சொல் வாசலில் நின்றுகொண்டு பேசுகிறது: யாரை உள்ளே விடுவது, எவ்வளவு தூரம் விடுவது? மொகலாயர் அவையில் நடந்ததும் அதுதான். தகுதிக்குத் தக்கபடி கிராதி கட்டி ஆளைப் பிரித்து நிறுத்தினார்கள். அருகில் நிற்பவன் பெரியவன், தள்ளி நிற்பவன் சின்னவன். வலது உள்ளங்கையை நெற்றியில் வைத்துக் குனியும் வணக்கத்துக்குக் கோர்னிஷ் என்று பெயர். படங்களில் பார்த்திருப்பீர்கள்.

பிறகு வெள்ளைக்காரன் இந்தச் சொல்லைத் தனக்கும் எடுத்துக்கொண்டான். 1877, 1903, 1911 என மூன்று முறை டெல்லி தர்பார் நடந்தது. தலைநகரம் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்று ஐந்தாம் ஜார்ஜ் அறிவித்தது கடைசி தர்பாரில்தான். புதுக்கோட்டை போன்ற சமஸ்தானங்களில் அரசாங்கத்துக்கே தர்பார் என்றுதான் பெயர். ஆக இடம், நிகழ்ச்சி, ஆட்சி என்று மூன்று பொருள் சேர்ந்துவிட்டது. நம் குமரிப் பக்கத்துப் பேச்சில் நாலாவதாக ஒன்றும் உண்டு: ‘அவன் பெரிய தர்பாருல்லா நடத்துகான்’ என்றால் அதிகாரம் தூள் பறக்கிறது என்று அர்த்தம்.

இதேபோல் அரசாங்க வாசலிலிருந்து வந்த இன்னொரு சொல் கச்சேரி. அலுவலகம், நீதிமன்றம் என்பதுதான் அதன் பழைய பொருள். திருவிதாங்கூர்த் தலைமைச் செயலகத்துக்கு ஹஜூர் கச்சேரி என்று பெயர். மற்ற தமிழ்நாட்டில் கச்சேரி என்றால் பாட்டு என்று ஆகிவிட, குமரி மாவட்டத்துப் பழைய ஆட்கள் தாலுகா கச்சேரி என்றால் அங்கே யாரும் தம்பூரா மீட்டுவதில்லை.

சரி, தமிழுக்கு வருவோம். அவை என்பது கூடியிருக்கும் ஆட்களைச் சொல்லும் சொல். ‘உறந்தை அவையம்’ என்று புறநானூறு சொல்வது சோழர் தலைநகரில் நீதி வழங்கிய சபையை. வழக்கைக் கேட்டுத் தீர்ப்புச் சொல்லும் காட்சி என்றால் அரசவை அச்சாகப் பொருந்தும். ஆட்டமும் பாட்டுமாக இருக்கும் காட்சிக்கு அது கொஞ்சம் விறைப்பு. அதற்கு அதே புறநானூற்றில் அருமையான சொல் இருக்கிறது: நாள்மகிழ் இருக்கை. பகலில் அரசன் மகிழ்ந்து வீற்றிருக்கும் அவை. பாணர் கூட்டம் உன் நாள்மகிழ் இருக்கையைச் சூழ்ந்துகொள்ளட்டும் என்று நலங்கிள்ளியைப் புலவர் வாழ்த்துகிறார். அனார்கலி ஆடிய இடத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் இன்று யாரும் சொல்வதில்லை, சொன்னாலும் விளக்கவேண்டியிருக்கும்.

அத்தாணி மண்டபம் என்றால் கட்டடம். வடமொழி ஆஸ்தானம் தமிழ் உடுத்தி அத்தாணி ஆயிற்று. ஆஸ்தான வித்வான் என்பதில் இருப்பதும் அதே ஆஸ்தானம்தான்.

அப்புறம் ஓலக்கமும் கொலுவும். இரண்டுக்கும் அக்கம்பக்கத்து மொழிகளில் உறவு உண்டு. கன்னடத்தில் ஓலக, தெலுங்கில் கொலுவு. இரண்டுக்குமே அரசவை என்ற பொருளோடு சேவகம், ஊழியம் என்ற பொருளும் உண்டு. பாரசீகம் வாசலில் நின்று பார்த்த அதே காட்சியை, இவை பணிந்து நிற்பவன் கண்ணால் பார்க்கின்றன. ‘இருக்கை’ என்ற சொல்லோ உட்கார்ந்திருப்பவனைப் பார்க்கிறது.

நவராத்திரிக்குப் பொம்மை அடுக்குவதைக் கொலு என்று சொல்கிறோமே, அது அம்பாளின் தர்பார்தான். இது குமரி மாவட்டத்தில் வீட்டுப் படிக்கட்டோடு முடிகிற விஷயம் இல்லை. பத்மநாபபுரம் கொட்டாரத்தில் (அரண்மனையை இங்கே அப்படித்தான் சொல்வோம்) பூமுகம் என்னும் முகப்புக் கூடத்துக்கு மேலே மரப்படி ஏறினால் மந்திரசாலை. மின்னும் கறுப்புத் தரை, மர இருக்கைகள். வருகிறவர்கள் இதைத்தான் தர்பார் என்று படம் பிடிப்பார்கள். ஆனால் அது அமைச்சரோடு அரசன் கலந்துபேசிய அறை, பேரே மந்திரசாலை. தர்பார் என்ற பெயருக்கு நெருக்கமானது அங்கே இருக்கும் நவராத்திரி மண்டபம். கல்தூண்கள், ஆடவும் பாடவும் இடம், அரண்மனைப் பெண்கள் மறைந்திருந்து பார்க்க வசதி. அங்கே வீற்றிருப்பவள் சரசுவதி. 1750இல் மார்த்தாண்டவர்மா நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு எழுதிவைத்து, தம்மைப் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். தாசன் ஆனபின் அரசனும் நிற்பவன்தானே? கொலுவு என்ற சொல்லின் ஊழியப் பொருள் இங்கே அப்படியே பொருந்துகிறது.

தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனபின் கொலுவும் அங்கே போயிற்று. இன்றும் ஆண்டுதோறும் பத்மநாபபுரம் கொட்டாரத்து உப்பரிகை மாளிகையில் அரசரின் உடைவாள் கைமாறும். கொட்டாரத்துச் சரசுவதியும் வேளிமலைக் குமாரசுவாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் புறப்பட்டு, வழிநெடுகப் பூசை வாங்கிக்கொண்டு திருவனந்தபுரம் போய்ச் சேருவார்கள்.

ஆகவே ஒரே சொல்லால் மாற்றப் பார்க்காமல் இடம் பார்த்து எழுதலாம். கூடம் என்றால் கொலுமண்டபம். வழக்கு, தீர்ப்பு, அமைச்சர் பேச்சு என்றால் அரசவை. அக்பர் ‘தர்பார் நடத்தினார்’ என்ற இடத்தில் ‘கொலுவீற்றிருந்தார்’. பாட்டும் ஆட்டமும் நடக்கும் காட்சிக்கு, துணிச்சல் உள்ள வசனகர்த்தா நாள்மகிழ் இருக்கையை எடுத்துப் பார்க்கலாம். ஆட்சி என்ற பொருளில் வந்தால் அரசு போதும். கரகரப்பிரியாவில் பிறந்த தர்பார் ராகத்தை மட்டும் தொடவேண்டாம், அது பெயர்ச்சொல்.