எட்டு விநாடி அவகாசம்: எழுதும்போது விட்ட இடம் ஏன் மறக்கிறது?

திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி கேட்டிருந்தார். முனைவர் பட்ட ஆய்வேட்டில் கடைசி அத்தியாயம் மட்டும்தான் பாக்கி. சோதனைகள் முடிந்துவிட்டன, அட்டவணைகள் தயார், கைடு பார்க்கும்போதெல்லாம் "எப்போம்மா தருவே?" என்கிறார். ஆனால் உட்கார்ந்தால் எழுத்து நகரவில்லை. "வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜ் வருகிறது. 'சரி' என்று மட்டும் பதில் போட்டுவிட்டுத் திரும்புகிறேன். ஐந்து விநாடிகூட ஆகியிருக்காது. அதற்குள் எழுதிக்கொண்டிருந்த வாக்கியம் எங்கே போகவிருந்தது என்பதே மறந்துவிடுகிறது. இது எப்படி? எனக்கு மட்டும்தான் இப்படியா?" கூடவே இரண்டு துணைக் கேள்விகள்: மூளையைத் தூண்டிவிடும் வகுப்பில் சேரச் சொல்கிறார்கள், சேரலாமா? பாட்டுக் கேட்டுக்கொண்டே எழுதலாமா?

அவருக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் இப்படித்தான். மறப்பதற்கு ஐந்து விநாடிகூட வேண்டாம், மூன்றுக்கும் குறைவே போதும். அதை அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

முதலில் தெரிந்த விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுவோம். நாம் இப்போது யோசித்துக்கொண்டிருப்பதை வைத்திருக்கும் தற்காலிக நினைவு மிகச் சிறியது. ஜார்ஜ் மில்லர் 1956-இல் அதன் கொள்ளளவு ஏழு சங்கதிகள், கூடக்குறைய இரண்டு என்றார். 2001-இல் நெல்சன் கவன் அதையும் குறைத்து நான்கு என்றார். எழுதும்போது இந்தச் சின்ன இடத்தில் என்னென்ன நிற்கின்றன என்று பாருங்கள். தாமிரபரணி நீரின் உப்புத்தன்மை பற்றி ஒரு பத்தி எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தி எதை நிறுவப்போகிறது என்பது ஒன்று. இந்த வாக்கியத்தின் எழுவாய் ஒன்று. தமிழில் வினை கடைசியில்தான் வரும் என்பதால் அதுவரை எழுவாயை விடாமல் பிடித்திருக்க வேண்டும். மூன்றாம் அட்டவணையின் கோடை மாத எண் ஒன்று. 'இதை ஏற்கெனவே சொல்லிவிட்டோமோ' என்ற சந்தேகம் ஒன்று. இடம் நிரம்பிவிட்டது.

ரொனால்ட் கெலாக் என்ற உளவியலாளர் இந்தச் சுமையை அழகாக அளந்தார். எழுதிக்கொண்டிருப்பவருக்கு இடையிடையே ஒரு 'பீப்' ஒலி கேட்கும். கேட்டதும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பதில் தர வேண்டும். மனம் எவ்வளவு மூழ்கியிருக்கிறதோ அந்த அளவுக்குப் பதில் தாமதமாகும். கட்டுரை எழுதுகிறவர்களின் தாமதம், தேர்ந்த செஸ் வீரர்கள் அடுத்த நகர்வை யோசிக்கும்போது காணப்படும் தாமதத்துக்குச் சமமாக இருந்தது. எழுதுவதை உட்கார்ந்து செய்யும் சும்மா வேலை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு வருகிறேன். மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் எரிக் ஆல்ட்மன், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் கிரெகரி டிராஃப்டன், இவர்களோடு ஸக் ஹேம்ப்ரிக் சேர்ந்து 2014-இல் வெளியிட்டது. கலந்துகொண்டவர்கள் 300 பேர். திரையில் ஓர் ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் தோன்றும். அவற்றைப் பற்றி ஏழு சின்னக் கேள்விகள். அடிக்கோடு இருக்கிறதா, சாய்வெழுத்தா? அகரவரிசையின் தொடக்கத்துக்குப் பக்கமா, தூரமா? சிவப்பா, மஞ்சளா? பெட்டிக்கு மேலா, கீழா? உயிரெழுத்தா, மெய்யா? எண் இரட்டையா, ஒற்றையா? ஐந்துக்குக் கீழா, மேலா? ஒவ்வொரு முறை திரை மாறும்போதும் வரிசையில் அடுத்த கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஏழு முடிந்தால் மறுபடி ஒன்றிலிருந்து. இதில் சூட்சுமம் என்னவென்றால், இப்போது எத்தனையாவது கேள்வி என்பதைத் திரை காட்டாது. அதை மனம்தான் வைத்திருக்க வேண்டும்.

கேள்விகள் ஒவ்வொன்றும் பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லக்கூடியவை. நடுவில் சட்டென்று ஒரு குறுக்கீடு: இரண்டு எழுத்துகளைத் தட்டச்சு செய்யுங்கள், அவ்வளவுதான். சராசரியாக 2.8 விநாடி. இதற்கே வரிசைப் பிழை இரு மடங்கானது. நான்கு எழுத்துகள் என்றாக்கி 4.4 விநாடியாக நீட்டியபோது மூன்று மடங்கானது.

அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் இதைவிடச் சுவையானது. குறுக்கீட்டுக்குப் பிறகு கேள்விகளுக்கான பதில்கள் மோசமாகவில்லை. சிவப்பைச் சிவப்பென்றும் இரட்டையை இரட்டையென்றும் சரியாகவே சொன்னார்கள். தவறான கேள்விக்குப் பதில் சொன்னார்கள், அதுதான் பிழை. அறிவு, திறமை எதுவும் குறையவில்லை, 'எங்கே இருக்கிறேன்' என்ற ஒரே ஒரு தகவல்தான் தொலைந்தது. வாட்ஸ்அப்பில் 'சரி' போட்டுவிட்டுத் திரும்பும் மாணவிக்கும் தாமிரபரணியைப் பற்றித் தெரிந்தது அத்தனையும் தலைக்குள் பத்திரமாக இருக்கிறது. அந்த வாக்கியத்தில் தான் நின்ற இடம் மட்டும் இல்லை.

ஏன் அது மட்டும் தொலைகிறது? ஆல்ட்மனும் டிராஃப்டனும் 2002-இல் முன்வைத்த விளக்கம் இது. ஒரு நோக்கம் மனதில் எழும்போது அதற்கென ஒரு வலு இருக்கும். எழுந்த கணத்திலிருந்தே அந்த வலு தேயத் தொடங்கிவிடும். இதுவரை செய்த பழைய படிகளின் நினைவும் அழிந்துவிடுவதில்லை. அவையும் மெல்லத் தேய்ந்தபடி பக்கத்திலேயே கிடக்கின்றன. ஆக, 'இப்போது செய்ய வேண்டியது' எது என்று மனம் தீர்மானிப்பது ஒரு போட்டியைப் பார்த்துத்தான்: யாருடைய வலு எல்லாவற்றையும்விடக் கொஞ்சம் அதிகம்? வேலை தடையின்றி ஓடும்போது புதிய படி எப்போதும் ஓரடி முன்னே நிற்கும். மூன்று விநாடி கவனம் வேறெங்காவது போனால் அந்த ஓரடி முன்னிலை கரைந்துவிடும். திரும்பி வந்து பார்த்தால் நாலைந்து படிகள் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நிற்கும். செய்ததைத் திரும்பச் செய்வோம், அல்லது ஒன்றைத் தாண்டிப்போவோம்.

ஆய்வேடுகளைத் திருத்துகிறவர்கள் அடிக்கடி பார்ப்பது இது. ஒரே கருத்து அடுத்தடுத்த இரண்டு பத்திகளில் வெவ்வேறு வார்த்தைகளில் இரண்டு முறை வந்திருக்கும். அல்லது 'மேற்சொன்ன இரண்டாவது காரணம்' என்று இருக்கும், முதல் காரணத்தையே காணோம். கவனக்குறைவு என்று சிவப்புப் பேனாவால் சுழித்துவிடுகிறோம். அந்த இரண்டு பத்திகளுக்கு நடுவே யாரோ கதவைத் தட்டியிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

களத்துமேட்டில் மரக்காலால் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தத் தேய்மானத்தைத் தடுக்கும் வழி புதிதாக இருக்காது. அளக்கிறவர் ஒன்று என்பதற்கு 'லாபம்' என்று சொல்லித் தொடங்குவார். அடுத்த மரக்கால் நிரம்பும்வரை 'லாபம், லாபம்' என்று இழுத்துச் சொல்லிக்கொண்டே இருப்பார். அப்புறம் 'ரெண்டு, ரெண்டு'. இடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால் கையைக் காட்டி நிறுத்துவாரே தவிர வாயை நிறுத்த மாட்டார். தேய்ந்துகொண்டிருக்கும் எண்ணை ஒவ்வொரு உச்சரிப்பிலும் மீண்டும் தூக்கி நிறுத்துகிறார். உளவியல் ஆய்வுகள் 'மனதுக்குள் ஒத்திகை' என்று சொல்வது இதைத்தான்.

கடற்படை ஆய்வுக்கூடத்தில் டிராஃப்டன் குழு 2003-இல் இன்னொன்றைச் சோதித்தது. ஒரு குழுவினரை எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் வேறு வேலைக்கு இழுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு 'இதோ குறுக்கீடு வரப்போகிறது' என்று எட்டு விநாடி அவகாசம் கொடுத்தார்கள். அவகாசம் கிடைத்தவர்கள் அந்த எட்டு விநாடியில் தாங்கள் எங்கே நிற்கிறோம், திரும்பி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பழைய வேலைக்குத் திரும்பியபோது தெளிவாகவே வேகமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஆகவே மாணவிக்கு என் முதல் யோசனை, போனைத் தொடாதீர்கள் என்பதல்ல. தொடுவதற்கு முன் எட்டு விநாடி எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் வரியின் முனையிலேயே தட்டுங்கள்: 'அடுத்து: கோடையில் உப்பு கூடுவது ஏன் — நீர்வரத்து குறைவு — அட்டவணை 3, மே மாத எண் — பிறகு மழைக்காலத்தோடு ஒப்பிடு.' முழு வாக்கியம் வேண்டாம், இலக்கணம் வேண்டாம். ஆனால் 'அடுத்து' என்ற சொல் வேண்டும். இதுவரை என்ன எழுதினேன் என்பதைத் திரையே காட்டிவிடும். எழுதாத அடுத்த அடிதான் மனதில் மட்டும் இருக்கிறது, தேய்வதும் அதுதான். திரும்பி வரும்போது அந்தத் துண்டு வரி கண்ணில் பட்டதும் தேய்ந்த நோக்கத்தின் வலு மறுபடி ஏறும்.

இதற்கு இன்னொரு பயனும் உண்டு. விட்டுவந்த வேலை, போன இடத்திலும் நம்மை நச்சரிக்கும். சோஃபி லெரோய் 2009-இல் இதை ஆராய்ந்தார்: முடிக்காமல் விட்ட வேலையின் எச்சம் மனதில் தங்கி, அடுத்த வேலையைக் கெடுக்கிறது. 2018-இல் அவரும் தெரசா கிளாம்பும் வெளியிட்ட ஆய்வில், வேலையை விடும் முன் எங்கே நிற்கிறோம், திரும்பியதும் முதலில் என்ன செய்வோம் என்று சிறு குறிப்பு எழுதிக்கொண்டவர்களுக்கு இந்த எச்சம் குறைந்தது. இரவு கணினியை மூடும்போதும் இதைச் செய்யுங்கள். மறுநாள் காலை வெள்ளைத் திரையை வெறித்துக்கொண்டு உட்கார வேண்டியிருக்காது.

குறுக்கீடு என்றாலே வெளியிலிருந்து வருவது என்று நினைக்கிறோம். குளோரியா மார்க்கும் உடன் ஆய்வாளர்களும் அலுவலக ஊழியர்களின் பக்கத்திலேயே இருந்து நேரம் குறித்தபோது, குறுக்கீடுகளில் ஏறக்குறைய பாதி அவர்களே தங்களுக்குச் செய்துகொண்டவை என்று தெரிந்தது. போன் அடிக்காமலே கை போனுக்குப் போகிறது. எப்போது போகிறது என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் வாக்கியம் கடினமாகும் இடத்தில்தான். போனை அமைதியாக்கினால் மட்டும் போதாது. 2015-இல் கேரி ஸ்டோதார்ட் குழுவினர் காட்டியபடி, நோட்டிஃபிகேஷன் வந்ததை உணர்ந்தாலே போதும், எடுத்துப் பார்க்காவிட்டாலும் கவனம் சிதறுகிறது. போன் மேசையில் சும்மா இருந்தாலே சிந்தனை குறையும் என்று 2017-இல் வந்த ஆய்வு பெரிதாகப் பேசப்பட்டது. பின்னர் திரும்பச் செய்த சோதனைகள் சிலவற்றில் அந்த முடிவு கிடைக்கவில்லை, எனவே அதை நான் அழுத்திச் சொல்ல மாட்டேன். ஆனால் அதிர்வையும் அணைத்துவிட்டு அடுத்த அறையில் வைப்பதில் நஷ்டம் ஒன்றுமில்லை.

அடுத்து, அந்த வகுப்பு. 'மிட்பிரெயின் ஆக்டிவேஷன்' என்ற பெயரில் பிள்ளைகளின் நடுமூளையைத் தூண்டிக் கவனத்தைப் பெருக்குவதாகச் சொல்லி ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்குகிறார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைத்துக் காட்டுவார்கள். மூக்கோரத்து இடுக்கு வழியாகப் பார்க்கும் பழைய தந்திரம் அது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் உண்டு. பெற்றோரின் பணத்தோடு போகாமல், பிள்ளைக்குப் பொய் சொல்லவும் கற்றுக்கொடுத்துவிடுகிறது. நடுமூளை எல்லாருக்கும் பிறந்ததிலிருந்தே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதன் மேற்பகுதியில் இரண்டு சிறு மேடுகள் உண்டு. ஓரக்கண்ணில் ஏதாவது மின்னினால் சட்டென்று கண்ணையும் தலையையும் அந்தப் பக்கம் திருப்புவது அவற்றின் வேலை. போன் திரை ஒளிர்ந்ததும் பார்வை அங்கே பாய்வதற்கு முதல் காரணமே அதுதான். எழுதி முடிக்க நினைப்பவர் அதை மேலும் தூண்ட வேண்டியதில்லை.

இந்த ஆராய்ச்சிக்கெல்லாம் கடற்படை போன்ற அமைப்புகள் ஏன் காசு கொடுத்தன என்று கேட்கலாம். வரிசையில் ஒரு படி தவறினால் உயிரே போகும் வேலைகள் உண்டு. 1987 ஆகஸ்ட் 16 அன்று டெட்ராய்ட் விமான நிலையத்தில் நார்த்வெஸ்ட் 255 விமானம், இறக்கைகளின் மடிப்புகளை விரிக்காமலே மேலெழும்ப முயன்று விழுந்தது. 156 பேர் இறந்தார்கள். பயணிகளில் நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி மட்டும் பிழைத்தாள். ஓடுபாதைக்குச் செல்லும்போது படிக்க வேண்டிய சரிபார்ப்புப் பட்டியலை விமானிகள் படிக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. விமானிகள் அறையில் வரிசை தவறுவது எப்படி என்று நாசாவின் உளவியலாளர்கள் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அந்தப் பணத்திலும் அக்கறையிலும் பிறந்த அறிவுதான் இன்று ஒரு ஆய்வேட்டை முடிக்கவும் உதவுகிறது. 2020-21 கணக்குப்படி நம் நாடு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை ஆராய்ச்சிக்குச் செலவிட்டது. அதில் மனித மனதை ஆராயும் கூடங்களுக்கு இன்னும் தாராளமாகத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மேலே சொன்ன ஏழு கேள்விச் சோதனை போன்ற ஒன்றுக்குத் தேவை ஒரு கணினியும் ஆட்களும்தான். ஆங்கில எழுத்தில் 'amma' என்று அடித்து, வரும் பட்டியலிலிருந்து சரியான தமிழ்ச் சொல்லைப் பொறுக்குகிறோமே, அந்தப் பொறுக்கலே ஒவ்வொரு சொல்லிலும் ஒரு குட்டிக் குறுக்கீடா? தமிழ் எழுத்துகளையே நேராக அடிக்கும் தமிழ்99 விசைப்பலகையைப் பயன்படுத்துபவர் இதிலிருந்து தப்பிக்கிறாரா? இதை நம் பல்கலைக்கழகங்கள் அளந்து சொல்ல வேண்டும்.

கடைசியாகப் பாட்டு. எழுதும்போது வாக்கியத்தை உள்ளுக்குள் ஒரு குரலில் சொல்லிப் பார்த்துத்தான் எழுதுகிறோம். காதில் விழும் பேச்சு நேராக அந்த இடத்துக்கே போய் மோதும். பாட்ரிக் சோர்க்விஸ்ட் குழுவினர் 2012-இல் எழுதுபவர்களுக்குப் பக்கத்தில் பேச்சை ஒலிக்கவிட்டார்கள். அதே பேச்சை அர்த்தம் புரியாதபடி புரட்டியும் ஒலிக்கவிட்டார்கள். அர்த்தம் புரிந்த பேச்சுதான் எழுத்தை அதிகம் கெடுத்தது. 2001-இல் வந்த இன்னோர் ஆய்வில், பின்னணி இசை மாணவர்கள் எழுதும் வேகத்தைக் குறைத்தது. அதனால் அத்தியாயத்தின் வாதத்தைக் கட்டும் நேரத்தில் பாட்டு வேண்டாம். தெரிந்த வரிகளுள்ள தமிழ்ப் பாட்டு கட்டாயம் வேண்டாம். வாதம் முடிந்து, படங்களை அந்தந்தப் பக்கத்தில் ஒட்டி, ஓரங்களையும் எழுத்தளவையும் பல்கலைக்கழக விதிப்படி சரிசெய்யும் நாளில் தாராளமாகக் கேளுங்கள்.