ஒரு தடவைகூட ஊதவில்லையாம், அதனால் புதுசாம்!

போன வாரம் ஒருவர் ஈரம் காயாத லைஃப் ஜாக்கெட் ஒன்றை, ஜாக்கெட் பழுது பார்க்கும் என் மேஜைமேல் பொத்தென்று போட்டார். தூண்டிலில் சிக்கிய மீனை வலையில் அள்ளக் குனிந்தவர் படகிலிருந்து தலைகுப்புற விழுந்திருக்கிறார். தண்ணீர் பட்டதும் தானாக ஊதிக்கொள்ளும் ரகம் அது. ஊதவில்லை. கூட வந்தவர் பிடரிப் பக்கத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அதனால்தான் இவரால் என் முன்னால் நின்று சத்தம் போட முடிந்தது. "ஏமாத்திட்டாங்க சார்! வாங்கி ஆறு வருஷம் ஆச்சு, ஒரு தடவைகூட யூஸ் பண்ணலை, புத்தம் புதுசு!"

பிரித்துப் பார்த்தேன். பையை ஊதவைக்கும் வாயு சிலிண்டர் இரண்டு சுற்றுக்குமேல் கழன்று லொடலொடவென்று ஆடிக்கொண்டிருந்தது. ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருந்து, தண்ணீர் பட்டால் மட்டும் கரைந்து விட வேண்டிய சின்ன வில்லை, அதாவது பாபின், ஈரக்காற்றிலேயே கரைந்து, பழைய பிசினாகக் காய்ந்து கிடந்தது. அதாவது எப்போதோ ஒரு நாள், அலமாரியில் தொங்கும்போதே, இது வெடிக்கப் பார்த்திருக்கிறது. சிலிண்டர் கழன்றிருந்ததால், ஸ்பிரிங் தள்ளிய ஊசி அதன் வாய்வரை எட்டவில்லை. சீல் ஓட்டையில்லாமல் அப்படியே இருந்தது. வாயு முழுசாக உள்ளே. அவர் விழுந்த நேரத்தில் கழுத்தில் இருந்தது வெறும் துணி.

"யூஸ் பண்ணலை, அதனால் புதுசு." இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஃபோம் வைத்த ஜாக்கெட்டுக்குக்கூட இதை ஓரளவு சொல்லலாம்; அது எந்த நேரமும் மிதக்கும், அதன் மிதப்பு உள்ளேயே இருக்கிறது. காற்றடைக்கும் ஜாக்கெட்டில் மிதப்பே கிடையாது. சிலிண்டர், ஊசி, கரையும் பாபின், காற்றுப்பை, நான்கும் ஒரே நொடியில் சரியாக வேலை செய்தால்தான் மிதப்பு பிறக்கிறது. இந்த நான்கில் ஒன்றுகூட, நீங்கள் உபயோகிக்கவில்லை என்பதற்காகக் காத்திருக்காது. பாபின் காற்றில் உள்ள ஈரத்தைக் குடிக்கும். மாட்டிக் கழற்றும்போதும் படகு அதிரும்போதும் சிலிண்டர் மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். உப்புப் பட்ட சிலிண்டர் துருப்பிடித்து, சொரசொரப்பான அந்தத் துரு காற்றுப்பையை ஒரே இடத்தில் தேய்த்துக்கொண்டே இருக்கும். ஒரே மடிப்பில் வருஷக்கணக்கில் கிடக்கும் பை அந்த மடிப்பிலேயே விரிசல் விடும். சொல்லப்போனால், வருஷம் ஒரு முறை ஊதிப் பார்க்கப்பட்ட பத்து வயது ஜாக்கெட்டை நம்பினாலும் நம்புவேன், ஆறு வருஷம் தொடாத 'புதுசை' நம்ப மாட்டேன்.

இன்னொரு கூட்டம் ஜாக்கெட்டிலுள்ள பச்சைக் கிளிப்பைக் காட்டும். "பச்சை தெரியுதே சார்." பல எளிய அமைப்புகளில் அந்தப் பச்சைக் கிளிப்புக்கு ஒரே அர்த்தம்தான்: கையால் ஊதவைக்கும் கைப்பிடியை யாரும் இழுக்கவில்லை. சிலிண்டரில் வாயு இருக்கிறதா, அது இறுக்கமாக இருக்கிறதா என்றெல்லாம் அது சொல்லாது. காலி சிலிண்டரைத் திரும்ப மாட்டி, புதுப் பச்சைக் கிளிப்பையும் செருகிக்கொண்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். சிலிண்டரைக் கழற்றி அதன் முனையைப் பாருங்கள். ஊசி போன ஓட்டை இருந்தால் அது இரும்புத் துண்டு, அவ்வளவுதான்.

சரி, என்ன செய்ய வேண்டும்? தண்ணீருக்குப் போகும் ஒவ்வொரு முறையும் ஒரு நிமிஷம்: சிலிண்டரைக் கையால் இறுக்கிப் பாருங்கள். கையால் போதும், ஸ்பேனர் வேண்டாம்; மரை கெட்டுவிடும். பச்சையைப் பாருங்கள். பாபினில் அச்சிட்ட தேதியைப் பாருங்கள். பக்கிளைப் போட்டு ஒரு இழு இழுத்துப் பாருங்கள்.

வருஷத்துக்கு ஒரு முறையாவது சிலிண்டரைக் கழற்றி எடை போடுங்கள். கிராம் காட்டும் சமையலறைத் தராசு போதும். சிலிண்டரில் மொத்த எடை பொறித்திருக்கும். அதற்கு இரண்டு கிராமுக்குமேல் குறைந்தால் மாற்றிவிடுங்கள். இங்கே ஒரு குழப்பம் வரும். 33 கிராம் சிலிண்டர் என்பது உள்ளே இருக்கும் கார்பன் டை ஆக்சைடின் எடை, சிலிண்டரின் எடை அல்ல. தராசு நூறுக்குமேல் காட்டியதும் "நிறைய இருக்கே" என்று சந்தோஷப்படாதீர்கள். அடுத்து, வாய்க்குழாய் வழியாகப் பையை இறுக்கமாக ஊதி, ஓர் இரவும் ஒரு பகலும் வீட்டுக்குள் விட்டுவையுங்கள். மறுநாள் தொளதொளத்துக் கிடந்தால், வெயிலும் குளிரும் மாறியதால்தான் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸரை மட்டும் கிட்டே கொண்டுவராதீர்கள், பையின் ஒட்டு பிரிந்துவிடும். காற்றை இறக்க, குழாயின் மூடியையே தலைகீழாகத் திருப்பி வால்வில் அழுத்தினால் போதும். பேனாவையும் குச்சியையும் விட்டுக் குத்தி வால்வைக் கெடுத்துக்கொண்டு வருபவர்களை என்ன சொல்லித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

உப்புத் தண்ணீரில் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசத்தான் வேண்டும். ஆனால் முதலில் பாபினையும் சிலிண்டரையும் எடுத்துவிட்டு அலசுங்கள். அப்படியே தொட்டியில் முக்கினால், அது தன் கடமையைச் செய்துவிடும். அப்புறம் நிழலில், ஹேங்கரில், நன்றாகக் காயும்வரை விடுங்கள். ஈரத்தோடு படகின் அடிப்பெட்டியில் திணிப்பதும் ஹீட்டர்மேல் போடுவதும் வேண்டாம்.

வாங்குவதற்கு முன்பு கேட்பவர்கள் குறைவு, வாங்கிவிட்டு வந்து "நல்லதுதானே?" என்று கேட்பவர்கள்தான் அதிகம். லைஃப் ஜாக்கெட்டுகளுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12402 வரிசையில் 50, 100, 150, 275 என்று நியூட்டன் கணக்கு வரும். பத்து நியூட்டன் என்றால் ஏறக்குறைய ஒரு கிலோவைத் தூக்கும் மிதப்பு. 50 என்பது நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கு, கரைக்கும் உதவிக்கும் பக்கத்தில் மட்டும். 100 அமைதியான நீருக்கு. கரையை விட்டுத் தள்ளிப் போகிறவர்களுக்கு 150. கனத்த உடை, கருவிகள் என்று சுமை இருந்தால் 275. பெரியதுதான் நல்லது என்று எல்லோரும் 275 வாங்க வேண்டியதில்லை; ஊதிய பிறகு அதோடு நீந்துவதும் படகில் திரும்ப ஏறுவதும் பெரும் பாடு.

தானாக ஊதுவதா, கையால் இழுப்பதா? தனியாக மீன் பிடிக்கப் போகிறவர் தானியங்கியையே வாங்குங்கள். விழும்போது தலையில் அடிபட்டால் கைப்பிடியை யார் இழுப்பது? சாரலும் அலைத் தெறிப்பும் ஓயாத இடமென்றால், தண்ணீரின் அழுத்தத்தால் திறக்கும் ஹம்மார் (Hammar) வகை நல்லது. சுமார் பத்து சென்டிமீட்டர் ஆழத்தில் முங்கினால்தான் அது வேலை செய்யும், மழைக்கு ஏமாறாது. மூடிய கேபினுக்குள் இருக்கும்போது மட்டும் தானியங்கி ஆபத்து. படகு கவிழ்ந்து தண்ணீர் புகுந்தால் ஊதிய ஜாக்கெட் உங்களைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும். குழந்தைகளுக்கும் நீந்தவே தெரியாதவர்களுக்கும் ஜெட் ஸ்கி ஓட்டுபவர்களுக்கும் காற்றடைக்கும் ரகமே வேண்டாம். ஃபோம் ஜாக்கெட் கொடுங்கள்.

எந்த ரகமானாலும் உடைகளுக்கு வெளியே போடுங்கள், தயவுசெய்து. மழைக்கோட்டை மேலே போட்டு ஜிப்பை ஏற்றிவிட்டால், பை ஊதும்போது விரிய இடமில்லாமல் நெஞ்சைத்தான் நெருக்கும். பட்டைக்கும் நெஞ்சுக்கும் நடுவே மூடிய கை ஒன்று மட்டும் நுழையும் அளவு இறுக்கம் சரி. கால்களுக்கு நடுவே போகும் பட்டையைக் 'கூச்சமாக இருக்கிறது' என்று மடித்து வைக்கிறார்கள். அது இல்லாவிட்டால் ஜாக்கெட் மேலே மிதக்கும், ஆள் அதற்குள்ளிருந்து கீழே நழுவுவார். வாயும் மூக்கும் துணிக்குள் போய்விடும். கூச்சத்தைக் கரையிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

மீன் பிடிப்பவர்களிடம் தனியாக ஒரு கெஞ்சல். ஜாக்கெட்டின் மடிப்பு தூண்டில் முள் குத்திவைக்கும் இடமல்ல. நான் ஒட்டுப்போடப் பார்க்கும் ஊசித்துளைகளில் பாதிக்குமேல் நீங்கள் செய்தவை. சிகரெட் பொறியும் அதே ரகம்.

ஒரு முறை தண்ணீர் பட்டுத் தானாக ஊதிவிட்டால் சிலிண்டர், பாபின் இரண்டுமே புதிது போட வேண்டும், உங்கள் மாடலுக்கு உரிய செட்டாகவே வாங்குங்கள். மரை பொருந்துகிறது என்று வேறு அளவு சிலிண்டரைத் திருகினால், சின்னதானால் அரைகுறையாக ஊதும். பெரிதானால் பை கிழியலாம். உதிரி செட் ஒன்று படகிலேயே இருக்கட்டும், காற்றுப் புகாத டப்பாவில்.

அந்த வாடிக்கையாளர் கதைக்கு வருகிறேன். அவர் ஜாக்கெட்டை ஊதிப் பார்த்தேன். மடிப்பு ஓரத்தில் விரிசல், சோப்புத் தண்ணீரில் குமிழ் குமிழாக வந்தது. இது தேறாது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். கோபம் எல்லாம் தணிந்து தலையாட்டினார். புதுசு வாங்க ஒத்துக்கொண்டார். வாசல்வரை போனவர் திரும்பி வந்து, "அந்தப் பழசைக் கொடுங்க சார், படகுக்கு விருந்தாளி யாராவது வந்தா போட்டுக்கட்டும்" என்றார்.

கத்தரிக்கோலை எடுத்துக் காற்றுப்பையைக் குறுக்காக இரண்டு துண்டாக வெட்டினேன். பிறகுதான் கொடுத்தேன்.