புயல் கூண்டுக்கு யார் காசு கொடுப்பது?

“கடலூர் துறைமுகத்தில் 1-ஆம் எண் கூண்டு ஏற்றம்.” ஐப்பசி, கார்த்திகை வந்தால் இந்தச் செய்தி காதில் விழாத கடலூர்க்காரர் இருக்க மாட்டார். கூண்டு என்று நாம் சொல்வது பகலில் கம்பத்தில் ஏற்றும் கூம்பும் உருளையும். இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். 1, 2 என்றால் ஆபத்து தொலைவில் இருக்கிறது. 8 முதல் 10 வரை பேராபத்து. 11 என்றால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது.

வரி எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கூண்டைத்தான் காட்டுவேன். தேவனாம்பட்டினத்தில் ஒருவர் இதற்குப் பணம் கட்டுகிறார், தாழங்குடாவில் ஒருவர் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். கட்டாதவர் காதில் மட்டும் எச்சரிக்கை விழாமல் தடுக்க முடியுமா? ஒருவர் கேட்டுவிட்டதால் அடுத்தவருக்கு அது குறைந்தும் போகாது. வஞ்சிர மீன் அப்படியில்லை. காசு தராதவருக்குக் கிடையாது, ஒருவர் வாங்கிப்போன துண்டு இன்னொருவருக்கு இல்லை. அதனால் மீனுக்குச் சந்தை உண்டு, கூண்டுக்குக் கிடையாது. பொருளியலில் இதற்குப் பொதுப்பண்டம் என்று பெயர்.

உண்டியல் வைத்து வசூலிக்கலாமே என்றால், ‘எப்படியும் தெரியத்தானே போகிறது’ என்று ஆளாளுக்கு ஒதுங்கிவிடுவோம். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன், கணக்கு அப்படி. பெட்ரோல் மலிவு என்று புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டிப் போய் டேங்கை நிரப்புகிறோம். அந்த விற்பனை வரி புதுச்சேரி கஜானாவுக்குப் போகிறது, வண்டி ஓடுவதோ கடலூர்ச் சாலையில். கூண்டுக்கும் எல்லோரும் இப்படி ஒதுங்கினால் அதன் பின்னால் இருக்கும் காரைக்கால் ரேடாரும் இல்லை, செயற்கைக்கோளும் இல்லை. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதைப் பார்த்தவர்களுக்கு அதன் பொருள் புரியும். பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்த நாள் அது.

ஆகவே வரி கட்டாயம். யார் எவ்வளவு தருவது என்பதில்தான் சண்டை. “சம்பளக்காரன் கட்டுறதுலதான் எல்லாம் நடக்குது” என்று அடிக்கடி கேட்கிறேன். இதை நான் ஏற்கவில்லை.

முதுநகரில் மீன் விற்கும் அக்கா ஒருவர் இதையே வேறு விதமாகச் சொன்னார்: “நான் எங்க தம்பி வரி கட்டுறேன்? அதெல்லாம் ஆபீஸ்காரங்க சமாச்சாரம்.” அன்று காலைதான் போனுக்கு 299 ரூபாய் ரீசார்ஜ் செய்திருந்தார். அதற்குள் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். 299-ஐ 1.18-ஆல் வகுத்தால் 253 ரூபாய் 39 காசு. மீதி 45 ரூபாய் 61 காசு வரி. பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. மாதம் 10,000 ரூபாய் பார்ப்பவருக்கு இது வருமானத்தில் 0.46 சதவீதம். லட்ச ரூபாய் வாங்குபவர் அதே ரீசார்ஜ் செய்தால் 0.046. அதாவது பத்தில் ஒரு பங்கு.

வருமான வரி இதற்கு நேரெதிர். 2025-26 புதிய முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி கிடையாது. அடுக்கடுக்காக ஏறி, 24 லட்சத்துக்கு மேலே உள்ள தொகைக்கு மட்டும் 30 சதவீதம். இருப்பவரிடம் கூடுதலாக வாங்கும் இந்த வழியே நியாயமானது என்பேன்.

அந்த அக்கா விற்கும் பச்சை மீனுக்கு ஜிஎஸ்டி இல்லை. ஆனால் அவர் வாங்கும் ஐஸுக்கு உண்டு, லோடு ஆட்டோ டீசலிலும் வரி உண்டு. ஜிஎஸ்டி பில் போடும் பெரிய கடைக்காரர் கொள்முதலில் கொடுத்த ஜிஎஸ்டியை, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்கிறார். அக்காவுக்கு அந்த வசதி இல்லை. ஐஸின் வரி அன்றைய கூலியில்தான் குறைகிறது.