யோவான்: சொற்பொருளும் தமிழ் வழக்கும்

யோவான் என்பது ‘யோஹனான்’ என்னும் எபிரேயப் பெயரின் தமிழ் வடிவம். ‘யோ’ என்பது யாவே என்ற இறைப்பெயரின் குறுக்கம். எஞ்சிய பகுதி ‘அருள்புரிந்தார்’ எனப் பொருள்படும் ‘ஹனன்’ என்ற வினையிலிருந்து வந்தது. ஆகவே, ‘யாவே அருள்புரிந்தார்’ என்னும் முழு வாக்கியமே ஓர் ஆளின் பெயராக நிற்கிறது. இவ்விரு உறுப்புகளும் இடம் மாறி அமைந்த பெயரே அனனியா. சாமுவேலின் தாய் அன்னாளின் பெயரும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். யோனா, யோனத்தான் ஆகியவை ஒலியால் நெருங்கினாலும் வேறு சொற்கள்: முன்னது புறாவைக் குறிக்கும், பின்னது ‘யாவே கொடுத்தார்’ எனப் பொருள்படும். ஆகவே, யோவானின் ஆங்கில வடிவமான ஜான், யோனத்தானின் ஆங்கில வடிவமான ஜொனாதனின் சுருக்கம் என்று எண்ணுவது பிழை.

லூக்கா நற்செய்தியின் முதல் அதிகாரத்தைப் படித்தால் இப்பெயரின் பொருள் தெளிவாக விளங்கும். முதிய வயதில் எலிசபெத்துக்குப் பிறந்த குழந்தைக்கு, எட்டாம் நாளில், தந்தை செக்கரியாவின் பெயரையே இட உறவினர் முனைகின்றனர். தாயோ யோவான் என்கிறார். உங்கள் உறவில் இப்பெயர் கொண்டவர் யாருமில்லையே என்று அவர்கள் வியந்து, பேச்சிழந்திருந்த தந்தையிடம் சைகையால் கேட்கின்றனர். அவர் ஒரு பலகையைக் கேட்டு வாங்கி, ‘இவன் பெயர் யோவான்’ என்று எழுதுகிறார். பிள்ளையில்லை என்றிருந்த வீட்டில் அந்த எழுத்து பெயராக மட்டுமன்றி நன்றியாகவும் அமைந்தது.

கிரேக்கத்திற்குச் சென்றபோது நடுவிலிருந்த ஹகர ஒலி மறைந்து ‘யோஆன்னெஸ்’ ஆயிற்று. ஆங்கில ஜான், பிரெஞ்சு ழான், ஸ்பானிய ஹுவான், ரஷ்ய இவான் யாவும் அதன் வழித்தோன்றல்களே. சிரியாக் மொழி மரபைப் பேணிய கேரளக் கிறித்தவரிடம் அந்த ஒலி இன்றும் ‘யோஹன்னான்’ எனப் பிழைத்திருக்கிறது. தமிழ் வடிவத்தில் ஓகாரத்துக்கும் ஆகாரத்துக்கும் இடையே நிற்கும் வகரம், நம் உடம்படுமெய் இயல்புக்கு இசைவானது.

பொருள் நோக்கிய தமிழ்ப்பெயர் அருளப்பர். கத்தோலிக்கர் நெடுங்காலம் ‘அருளப்பர் நற்செய்தி’ என்றே வழங்கினர். 1995இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு யோவான் என்ற வடிவத்தை ஏற்றது. இருப்பினும், அருளப்பர் என்பதே செறிவான ஆக்கம் என்பது என் துணிபு. அன்பு தொடர்புடையார்மேல் செல்வது, அருள் தொடர்பு கருதாமல் எல்லா உயிர்மேலும் செல்வது என்று நம் உரைமரபு வேறுபடுத்தும். தகுதி பாராமல் மேலிருந்து இறங்கும் கனிவைச் சுட்டும் எபிரேய வினைக்கு இதைவிட நெருங்கிய தமிழ்ச் சொல்லை நான் அறியேன். அருளப்பர் என்பதில் இறைப்பெயர் இல்லை என்பது உண்மையே. ‘அப்பர்’ இங்கு மதிப்பு விகுதி மட்டுமே. லிஸ்பனில் பிறந்து, 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த கிறித்தவ மறைப்பணியாளர் ஜான் டி பிரிட்டோவைத் தமிழ் மக்கள் அருளானந்தர் என அழைத்ததிலும் இதே அருள்தான் முன்னிற்கிறது.