வாழ்தடம்: 'வாழ்க்கைச் சுழற்சி' ஏன் பொருந்தாது?

கொசு முட்டையிடும், புழுவாகும், கூட்டுப்புழுவாகும், பறக்கும், மறுபடி முட்டையிடும். அது வாழ்க்கைச் சுழற்சி. மழைக்காலத்தில் வடசென்னையின் தண்டையார்பேட்டை, வியாசர்பாடித் தெருக்களில் ஒட்டும் டெங்கு சுவரொட்டியில் அந்தச் சொல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறது. மனிதரின் ஏழ்மையையும் நோயையும் சேர்த்துப் பேசும் கையேடுகளிலும் அதையே போடுகிறார்களே, அதைத்தான் ஏற்க முடியவில்லை.

அந்தக் கையேடுகள் அப்படி மொழிபெயர்க்கும் ஆங்கிலச் சொல் 'லைஃப் கோர்ஸ்'. கோர்ஸ் என்பது இலத்தீன் 'குர்சுஸ்' பிரெஞ்சு வழியாக வந்த வடிவம், வேர்ப்பொருள் ஓட்டம். ஆற்றின் போக்கு, பந்தயத் தடம், படிப்பு எல்லாம் அதன் கிளைகள். கடைசிக் கிளையைப் பிடித்துக்கொண்டு 'வாழ்க்கைப் பாடநெறி' என்று எழுதியவர்களும் உண்டு. அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

பொதுச் சுகாதாரத் துறையில் 'லைஃப் கோர்ஸ்' என்பதன் பொருள் இது: கரு முதல் முதுமை வரை வீட்டு வருமானம், பெற்றோர் படிப்பு, வேலை, குடியிருப்பு ஆகியவை உடலில் எப்படிப் பதிகின்றன, எந்த வயதில் நோயாக வெளிவருகின்றன என்று தொடர்ந்து பார்ப்பது.

நுரையீரலை எடுத்துக்கொள்வோம். ஏறத்தாழ 20, 25 வயது வரை அதன் திறன் கூடும். பிறகு எல்லோருக்குமே மெல்லக் குறையும். எண்ணூர், மணலி ஆலைப் புகையையும் கொடுங்கையூர்க் குப்பைமேடு எரியும் புகையையும் சுவாசித்து வளரும் பிள்ளைக்கு அந்த உச்சமே தாழ்வாக அமையக்கூடும். அதன்பின் மற்றவர்களுக்குக் குறையும் அதே வேகத்தில் குறைந்தாலும், படியேறினால் மூச்சு வாங்கும் நிலையை அவர் முன்னதாகவே எட்டிவிடுவார். இங்கே எது சுழல்கிறது? இன்னொன்று: இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் 1911 முதல் 1930 வரை பிறந்த 5,654 ஆண்களின் பழைய எடைப் பதிவுகளை மருத்துவ ஆய்வாளர் டேவிட் பார்க்கர் குழுவினர் 1989இல் பிற்கால இறப்புகளோடு ஒப்பிட்டார்கள். ஒரு வயதில் எடை குறைந்திருந்தவர்களிடம் இதய நோய் இறப்பு கூடுதலாக இருந்தது. பிறகு நன்றாகச் சாப்பிட்டாலும், முதல் ஆண்டு அழிந்துவிடுவதில்லை.

சுழற்சி என்றால் தொடங்கிய இடத்துக்கே திரும்ப வேண்டும். மனித உடல் திரும்புவதில்லை, சேர்த்துக்கொண்டே போகிறது. அதைவிடப் பெரிய கேடு, ஏழையாகப் பிறந்தவர் ஏழையாகவே, நோயாளியாகவே முடிவார் என்ற விதிப் பேச்சை அந்தச் சொல் உள்ளே கொண்டுவருகிறது. மூட்டை தூக்குபவரின் மகள் படித்து, நிலையான வேலைக்குப் போனால் நோய் அபாயம் எவ்வளவு குறைகிறது, எவ்வளவு மிஞ்சுகிறது என்பதும் இத்துறையின் கேள்விதான். அந்தக் கேள்விக்கே சுழற்சியில் இடமில்லை. ஊட்டம் குறைந்த சிறுமி தாயாகி, 2.5 கிலோவுக்கும் குறைவான பிள்ளையைப் பெறுவது சுழற்சிதானே என்பார்கள். ஆம். ஆனால் அது தலைமுறைகளுக்கு இடையில் நடப்பது. 'தலைமுறைச் சுழல்' என்று தனியாகச் சொல்லலாம். ஒருவரின் வாழ்வுக்கும் அதே பெயரை வைத்தால் இரண்டும் குழம்பும்.

'வாழ்க்கைப் பாதை' எனலாமா? பாதையை நாமே தேர்ந்தெடுக்கிறோம் என்ற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. குப்பைமேட்டுக்குப் பக்கத்தில் பிறப்பதை எந்தக் குழந்தையும் தேர்ந்தெடுக்கவில்லை. 'போக்கு' வேரோடு பொருந்தும், ஆனால் மருத்துவத் தாளில் அது வயிற்றோடு ஒட்டிவிட்டது.

என் தேர்வு 'வாழ்தடம்'. பேருந்தின் வழித்தடமும் தடம்தான், ஈர மணலில் பதிந்த காலடியும் தடம்தான்: செல்லும் வழி, பதியும் சுவடு இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. 'ஊறுகாய்' போல இது வினைத்தொகை. வாழ்ந்த தடம், வாழ்கின்ற தடம், வாழும் தடம் என முக்காலமும் உள்ளே இருக்கின்றன. தடம் மாறவும் முடியும்.

அகராதியின் முதல் பொருளோடு நின்றுவிடும் பழக்கம் மற்றச் சொற்களையும் கெடுக்கிறது. 'கிரிட்டிகல் பீரியட்' இங்கே 'நெருக்கடிக் காலம்' ஆகிறது. உறுப்புகள் உருவாகும் அந்தக் காலத்துக்குப் 'பருவம்' போதும், விதைப்பவருக்கும் பிள்ளை வளர்ப்பவருக்கும் தெரிந்த சொல். ஒரு குடும்பத்தின் சமூகப் பொருளாதார நிலையைக் குறிக்கும் 'ஸ்டேட்டஸ்' என்பதற்கு 'அந்தஸ்து' போட்டால் சம்பந்தம் பேசும் வீட்டு மிடுக்கு வந்துவிடுகிறது. அதன் இலத்தீன் வேருக்குப் பொருள் நிற்றல். நம் 'நிலை'யும் 'நில்'லிலிருந்து வந்தது. கண்முன் இருப்பதை விட்டு ஏன் அலைய வேண்டும்?

சொல் தவறினால் கேள்வியும் தவறும். நகரக் குடும்பங்களின் சமூகப் பொருளாதார நிலையை அளக்கப் பயன்படும் குப்புசாமி அளவுகோல் குடும்பத் தலைவரின் படிப்பு, வேலை, குடும்ப மாத வருமானம் மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு 3 முதல் 29 வரை கூட்டும். அது இன்றைய நிலை மட்டுமே. வாழ்தடம் வேண்டுமென்றால் காசிமேட்டு அம்மாவிடம் கேட்க வேண்டியவை வேறு: "உங்களுக்குப் பத்து வயசுல அப்பா என்ன வேலை பாத்தாரு? ஒரே ரூம்ல எத்தினி பேர் படுத்தீங்க? குழாய்த் தண்ணியா, லாரித் தண்ணியா? எத்தனாவதோட ஸ்கூல நிறுத்துனீங்க?"