பொன் விகிதம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை

நாட்டிலஸ் என்னும் கடலுயிரியின் ஓட்டை நடுவே அறுத்துக் காட்டும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன்மேல் சதுரங்களையும் ஒரு சுருள்கோட்டையும் வரைந்து, இயற்கையின் ரகசிய எண் இதுதான் என்று எழுதியிருப்பார்கள். அந்தப் படத்தின்மேல் ஓர் அளவுகோலை வையுங்கள். சுருளின் மையத்திலிருந்து வெளிவிளிம்பு வரை ஓர் அளவு. அதே கோட்டில் ஒரு சுற்று உள்ளே இருக்கும் விளிம்பு வரை இன்னோர் அளவு. பெரியதைச் சிறியதால் வகுத்தால் ஏறத்தாழ 3 வரும். பொன் விகிதமான 1.618-ஐக் கொண்டு வரையும் சுருளோ ஒரு முழுச்சுற்றில் 6.85 மடங்கு விரியும். அளவெடுத்ததில் நேர்ந்த பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய வேறுபாடா இது?

அந்த ஓட்டில் கணிதம் இருக்கத்தான் செய்கிறது. வடிவம் மாறாமல் அளவு மட்டும் ஒரே வீதத்தில் பெருகிச் சுருண்டு வளரும் எதுவும் மடக்கைச் சுருளாகவே அமையும். அந்த வீதம் 1.618-ஐச் சார்ந்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, அவ்வளவுதான்.

தொப்புள் நம் உயரத்தைப் பொன் விகிதத்தில் பிரிக்கிறது என்ற நம்பிக்கையை 1850-களில் அடால்ஃப் சைசிங் என்ற ஜெர்மானியர் பரப்பினார். ஆளுக்கு ஆள் மாறும் அளவு அது. பூவிதழ்கள் எல்லாம் ஃபிபனாச்சி எண்களில்தான் இருக்கும் என்பதும் அப்படியே. முந்தைய இரண்டைக் கூட்டினால் அடுத்தது வரும் வரிசை அது: 1, 2, 3, 5, 8, 13, 21... போகப்போக ஒவ்வோர் எண்ணையும் முந்தையதால் வகுத்தால் 1.618-ஐ நெருங்கும் என்பதால்தான் பொன் விகிதத்தோடு இதையும் சேர்த்துப் பேசுகிறார்கள். ஒன்று முதல் எட்டு வரையுள்ள எண்களில் ஐந்து இந்த வரிசையைச் சேர்ந்தவை. சில இதழ்களே உள்ள பூவை எடுத்தால் பொருந்திப்போக நிறையவே வாய்ப்புண்டு. கடுகுப் பூவுக்கு நான்கு இதழ்கள். அதை யாரும் படமெடுத்துப் பரப்புவதில்லை.

இதையெல்லாம் நான் விடாமல் சொல்வதற்குக் காரணம், உண்மையான அதிசயம் இந்தக் கூட்டத்தில் காணாமல் போகிறதே என்ற ஆதங்கம். பைன் மரத்தின் கூம்பு ஒன்றைக் கவிழ்த்துப் பிடித்து, செதில் வரிசைகளில் பேனாவால் புள்ளி வைத்து எண்ணினேன். ஒரு பக்கம் சுழல்பவை 8. எதிர்ப்பக்கம் சுழல்பவை 13. நம்ப முடியாமல் மூன்று முறை எண்ணினேன்.

செடியின் வளர்நுனியில் மொட்டுகள் ஒவ்வொன்றாக அரும்புகின்றன. அரும்பும் மொட்டு ஆக்சின் என்னும் வளர்ச்சி ஹார்மோனைத் தன்பக்கம் இழுத்துக்கொள்வதால், அதைச் சுற்றிலும் ஆக்சின் குறைந்துவிடுகிறது. அடுத்த மொட்டுக்கு, முந்தையவற்றிலிருந்து தள்ளியுள்ள இடமே வாய்க்கிறது. அதற்குள் பழைய மொட்டுகள் நுனியை விட்டு மெல்ல விலகுகின்றன. செடிக்குத் தெரிந்த விதி இவ்வளவே.

அடுத்தடுத்த மொட்டுகளுக்கு இடையே 120 பாகை இருந்தால், நான்காவது மொட்டு முதல் மொட்டின் திசையிலேயே வந்து நிற்கும். மூன்று வரிசைகளும் நடுவே வீணான வெற்றிடமும் மிஞ்சும். 144 பாகை என்றால் ஐந்து வரிசைகள். வட்டத்தின் எளிய பின்னம் எதுவானாலும் இதே கதைதான். எளிய பின்னங்களுக்கு மிகக் குறைவாகவே பிடிகொடுக்கும் கோணம் 137.5 பாகை. வட்டத்தைப் பொன் விகிதத்தில் பிரித்தால் கிடைக்கும் சிறிய பங்கு அது. அதை நெருங்கிவரும் பின்னங்கள் 3/8, 5/13, 8/21. கூம்பில் நான் எண்ணிய 8-உம் 13-உம் இந்தக் கீழெண்கள்தாம்.

இதற்கு உயிர்கூடத் தேவையில்லை என்பதை 1992-இல் பிரான்சில் ஸ்டெஃபான் துவாடி, ஈவ் கூடெர் என்ற இயற்பியலாளர்கள் காட்டினார்கள். எண்ணெய் நிறைந்த தட்டின் நடுவே காந்தத் திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். காந்தப்புலத்தில் சொட்டுகள் ஒன்றையொன்று தள்ளியபடி விளிம்பை நோக்கி நகர்ந்தன. மெதுவாக விட்டபோது அடுத்தடுத்த சொட்டுகள் எதிரெதிரே போயின. வேகம் கூடக்கூட, அவற்றுக்கிடையே இருந்த கோணம் 137.5 பாகையை நெருங்கியது.

தொடக்கம் சற்று மாறினால் முடிவும் மாறும். 2016-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பொதுமக்கள் வளர்த்த 657 சூரியகாந்திகளின் சுருள்களை எண்ணினார்கள். பெரும்பாலானவற்றில் ஃபிபனாச்சி எண்களே இருந்தன. சிலவற்றில் 4, 7, 11, 18, 29, 47 என்று போகும் லூக்கா வரிசையின் எண்கள் இருந்தன. இரண்டிலும் சேராத பூக்களும் அவற்றில் இருந்தன.